ஐந்நூற்று அறுபத்தோராம் நாள்

எட்டாம் எண்ணுக்குப் பயப்படுகிறவர்கள் எதற்காகச் சனிக்கே குடிவந்தார்கள் என்பது அங்கயற்கண்ணிக்கு விளங்கவே இல்லை. எட்டு சனியின் எண்ணாம். இங்கே ஜன்னல் திரையை விலக்கினால் சனி. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்து நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அப்பால் தலைக்கு நேரே சனி, வளையம் ஒரு கோடாக நடுவில் ஓட. ரீயா என்ற இந்தப் பனி நிலா தன் ஒரே பக்கத்தைச் சனிக்குக் காட்டியபடி சுற்றுவதால், அது உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. மூன்று மடங்கு சம்பளம் என்றதும் பரிகாரம் செய்துவிட்டு ராக்கெட் ஏறிய நானூற்றுப் பன்னிரண்டு பேர், வந்து இறங்கிய அன்றைக்கே எட்டாம் எண் அறை எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அறையை அங்கயற்கண்ணி கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு ஜன்னல், பெரிய குளியலறை. ஊரார் மூடத்தனத்தால் தனக்கு வந்த ஒரே லாபம் இதுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பார்க்கிறவர்கள் அதை ரசிக்கவில்லை. அவளுக்கும் அது பற்றிக் கவலை இல்லை. காற்று ஆலையின் தலைமைப் பொறியாளர் அவள். அவளைப் பிடிக்காதவர்களும் அவள் தரும் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை நல்லதம்பி. அவள் கணவன். பனியைத் துளைக்கும் வேலையில் முதல் ஆறு மாதத்திலேயே கல்பொடி நுரையீரலில் இறங்கி, இப்போது மருத்துவக் கூடத்தில் மூன்று தலையணைமேல் சாய்ந்துகொண்டு அரை மூச்சில் பேசுகிறான். பூமிக்குத் திரும்பும் கப்பல் வர இன்னும் இரண்டு வருடம் ஆகும். காற்று கொஞ்சம் மெலிந்தாலும் அவன் தாங்கமாட்டான் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை அவள் ஆலையின் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

குடியிருப்பின் காற்றை மூன்று யந்திரங்கள் பார்த்துக்கொண்டன. பனிநீரைப் பிரித்து ஆக்ஸிஜன் தருவது ஒன்று. விடுகிற மூச்சிலுள்ள அசுத்தத்தை வடிகட்டுவது ஒன்று. காற்றைச் சூடாக்குவது ஒன்று. குடியேறிய நாளன்று மூன்றும் ஒன்றாக ஓடத் தொடங்கின. முதலாவது மூன்று நாளைக்கு ஒருமுறையும், அடுத்தது பதினொரு நாளைக்கு ஒருமுறையும், கடைசியது பதினேழு நாளைக்கு ஒருமுறையும் காலையில் ஆறு மணி நேரம் நின்று தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். செய்த கம்பெனி முத்திரை வைத்துப் பூட்டிய கணக்கு அது, மாற்ற முடியாது. ஒன்றோ இரண்டோ நின்றாலும் ஊருக்குத் தெரியாது. சேமிப்புக் காற்றைப் பெருந்தொட்டி என்று ஒன்று வைத்திருந்தது, அது ஈடுகட்டிவிடும்.

ஆனால் பெருந்தொட்டியையும் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை காலி செய்து கழுவியாக வேண்டும். அந்த ஒரு நாளில் மற்ற மூன்றும் ஒன்றாக நிற்கக் கூடாது. அதனால்தான் அந்தச் சுற்று ஒரு பகா எண்ணாக, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண்ணாக இருக்க வேண்டும் என்று குடியேற்ற ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அங்கயற்கண்ணி ஐந்நூற்று ஐம்பத்தேழு என்று குறித்தாள். அந்தக் கணக்கில் நான்கும் ஒரே நாளில் நிற்க எண்ணூற்றைம்பத்தைந்து வருடம் ஆகும். அதற்குள் யாருக்காவது புத்தி வந்திருக்கும் என்று அவள் எண்ணினாள்.

சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் 557 என்று எழுதி ஒரு வருடம் தொங்கியது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பரஞ்சோதி கண்டுகொண்டார்.

பரஞ்சோதி உணவுக் கிடங்கின் பொறுப்பாளர். பருப்பு மூட்டை எண்ணுவது உத்தியோகம், மற்றவர்களுடைய விதியை எண்ணுவது உபதொழில். அவர் சொல்லி ஊரில் பாதிப் பேர் தங்கள் பெயரில் ஆங்கில எழுத்து ஒன்றைக் கூட்டியிருந்தார்கள். கதிரேசன் இரண்டு 'எஸ்' போட்டுக்கொண்டான். போட்டதும் முதுகுவலி நின்றதாம். முதுகுவலிக்கு அவன் மாத்திரையும் சாப்பிட்டான் என்பதை யாரும் பேசுவதில்லை. மனிதர் கெட்டவர் இல்லை. காசு வாங்குவதில்லை, யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பார். அதுதான் அங்கயற்கண்ணிக்கு இன்னும் எரிச்சல். திருடனாக இருந்தால் ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுப் போகலாம்.

நானூற்றுப் பதினெட்டாம் நாள் காலை பேரவை கூடியது. தலைவர் வேதமூர்த்தி பூமியில் துணை ஆட்சியராக இருந்தவர். எந்தக் கோப்பையும் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கத்தை அங்கிருந்தே பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

"அஞ்சும் அஞ்சும் பத்து, ஏழு பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு," என்றார் தலைவர், விரலை மடக்கி. "காத்துத் தொட்டிக்குப் போய் எட்டா அம்மா வெப்பீங்க? ஜனங்க பயப்படறாங்க."

"ஜனங்க பயப்பட வேண்டியது எட்டுக்கு இல்ல சார். கூட்டத் தெரிஞ்சு வகுக்கத் தெரியாதவங்களுக்கு."

பரஞ்சோதி பணிவாக எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க மேடம். வேற எண் நானே பார்த்து வெச்சிருக்கேன். ஒப்பந்தப்படி பகா எண்தான். ஐந்நூத்தி அறுபத்தொண்ணு. கூட்டினா பன்னெண்டு, அப்புறம் மூணு. குருவோட எண். சோதனைப் பெட்டியிலயும் போட்டுப் பார்த்தாச்சு."

சோதனைப் பெட்டி என்பது ஒரு எண் பகா எண்ணா என்று பார்த்துச் சொல்லும் கருவி. கணினிப் பூட்டுகளுக்கு நூறு, இருநூறு இலக்கங்களில் எண்கள் வேண்டியிருப்பதால் பூமியிலிருந்து ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதன் முடிவே இறுதியானது என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. பரஞ்சோதி ஐந்நூற்று ஐம்பத்தெட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அறுபத்தொன்றுக்குப் பச்சை விளக்கு எரிந்ததும் கும்பிடு போட்டுவிட்டு அங்கேயே நிறுத்திவிட்டார்.

அங்கயற்கண்ணி சிரித்துவிட்டாள். "இந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னு யாருக்காவது தெரியுமா? ஒரு சின்ன எண்ணை எடுக்குது. ரெண்டுன்னு வெச்சுக்கோங்க. ஐந்நூத்தி அறுபத்தொரு ரெண்டை வரிசையா வெச்சுப் பெருக்குது. வர்றதை ஐந்நூத்தி அறுபத்தொண்ணால வகுக்குது. மீதி அதே ரெண்டு வந்தா பாஸ். பகா எண் எல்லாமே இதுல பாஸாகும். ஆனா பாஸாகிறதெல்லாம் பகா எண் இல்ல."

"ரெண்டுக்கு மட்டும் இல்ல மேடம். அஞ்சு, ஏழு, நூறு, எல்லாத்துக்கும் போட்டேன். ஐந்நூத்தி அறுபது வரைக்கும் ஒண்ணு விடாம. எல்லாத்துலயும் பாஸ்."

"ஆகும். எத்தனை தடவை கேட்டாலும் பாஸாகும். எல்லாப் பரீட்சையிலயும் தப்பிக்கிற போலி எண்கள்னு சிலது இருக்கு. அதுலயே ரொம்பச் சின்னது இதுதான். தேடிப் பிடிச்சிருக்கீங்க."

"அப்ப பெட்டி பொய் சொல்லுதுங்கறீங்களா?" என்றார் தலைவர், தன்னையே குற்றம் சொன்ன மாதிரி.

"பெட்டி அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. நூறு இலக்கத்துக்குச் செஞ்ச பெட்டி சார் அது. மூணு இலக்கத்துக்கு எதுக்கு? இதோ பேப்பர், இதோ பேனா. மூணால வகுத்துப் பாருங்க. யாராவது ஒருத்தர்."

பேரவையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகு வகுத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்பதுபோல் மேஜையைப் பார்த்தார்கள்.

"கூட்டுத்தொகை மூணுன்னு குதிக்கிறீங்களே, கூட்டுத்தொகை மூணு வந்தாலே அது மூணால வகுபடும்னுதான் அர்த்தம். ஆறாங்கிளாஸ் பாடம். உங்க ராசியே உங்களைக் காட்டிக் குடுக்குது."

பரஞ்சோதியின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா மூணு அதுக்குள்ளயே இருக்கா மேடம்?"

"இருக்கு. அதைத்தான் கத்திக்கிட்டிருக்கேன்."

"கேட்டீங்களா?" அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வெளியிலயும் குரு, உள்ளயும் குரு!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. அங்கயற்கண்ணி தன் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். இதற்குமேல் சொல்ல இன்னும் பாதி இருந்தது. இந்தக் கூட்டத்துக்குச் சொல்வதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று தோன்றியது. மீதியைப் பன்னிரண்டு பக்க மனுவாக எழுதிக் கொடுத்தாள். மூன்று, பதினொன்று, பதினேழு என்ற மூன்றையும் பெருக்கினால் வருவதே இந்த எண், ஆகவே மூன்று யந்திரங்களும் தொட்டியும் அன்றைக்கு ஒன்றாக நிற்கும் என்று சமன்பாடுகளோடு விளக்கியிருந்தாள். தலைவர் அதை வாங்கி, மேஜையில் ஆடிக்கொண்டிருந்த தேநீர்க் குடுவைக்கு அடியில் வைத்தார். குடுவை ஆடாமல் நின்றது.

நல்லதம்பி கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அவங்களுக்குப் புரியற பாஷையில ஏதாவது சொல்லேன் அங்கை," என்றான்.

"புரியற பாஷைன்னா? நானும் எலுமிச்சம்பழத்தோட போய் நிக்கணுமா?"

"காரியம் ஆகணும்ல?"

"என் வாயால அந்த அசட்டுத்தனத்தைச் சொல்லமாட்டேன். அதுக்கு அப்புறம் நான் எதுக்கு இஞ்சினியர்? கிடங்குல பருப்பு எண்ணப் போயிடலாம்."

"எல்லாரையும் முட்டாள்னு சொல்லிட்டா, அப்புறம் யாரு உன் பேச்சைக் கேப்பா?"

"முட்டாள்னு சொல்லலைங்க. அவங்களே நிரூபிச்சாங்க. நான் சாட்சி."

அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவளோடு வாதாட அவனிடம் எப்போதுமே மூச்சு இருந்ததில்லை.

பலகையில் 557ஐ அழித்து மஞ்சள் நிறத்தில் 561 என்று எழுதினார்கள். மஞ்சள் குருவுக்கு உகந்த நிறமாம்.

அவள் கையில் கடைசியாக ஒரு வழி இருந்தது. ஆலைக்குள் ஓர் அவசரக் கைப்பிடி. இழுத்தால் தொட்டி கழுவும் வேலை ஒரு நாள் தள்ளிப்போகும். காரணம் எழுதித் தர வேண்டும், தண்டனையாக ஒரு மாதச் சம்பளம் போகும், அவ்வளவுதான். அதை இழுத்துவிடுவது என்றுதான் முதலில் அவள் முடிவு செய்திருந்தாள்.

ஐந்நூற்று ஐம்பதாம் நாள் வாக்கில் அந்த முடிவு ஆட்டம் கண்டது. கைப்பிடியை இழுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால் பரஞ்சோதி கூடத்தின் நடுவில் நின்று, பார்த்தீர்களா, குரு காப்பாற்றினார் என்பார். ஊர் கைதட்டும். அடுத்த முறை யந்திரங்களின் அழுத்தத்தையும் வெப்பத்தையும்கூட அவர்தான் விரல் மடக்கிக் குறிப்பார். இவள் காலமெல்லாம் கைப்பிடியோடு பின்னால் ஓட வேண்டும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நான்கும் நின்றால் ஆறு மணி நேரம். குடியிருப்புக்குள் இருக்கிற காற்றே ஐந்து மணி நேரத்துக்குத் தாராளம். ஆறாவது மணியில் எல்லாருக்கும் தலை வலிக்கும், நாலைந்து பேர் மயங்குவார்கள். ஆரோக்கியமானவர்கள் சாகமாட்டார்கள். நல்லதம்பிக்கு எட்டு மணி நேரம் தாங்கும் சிலிண்டர் ஒன்று ஒதுக்கினாள். ஒரு காலை மூச்சுத் திணறட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று சொல்லிக்கொண்டாள். அந்தக் கணக்கை அவள் யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை. காட்டுகிற அளவுக்கு யாரையும் அவள் மதிக்கவில்லை.

ஐந்நூற்று அறுபத்தோராம் நாள் காலை ஆறு மணிக்குத் தொட்டி காலியாகி, மூன்று யந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அப்படி ஒரு அமைதியை ரீயாவில் யாரும் கேட்டதில்லை. நல்லதம்பியின் முகத்தில் கவசத்தைப் பொருத்திவிட்டு, "மத்தியானம் வர்றேன். சாப்பாடு நானே கொண்டுவர்றேன்," என்று சொல்லி அவள் ஆலைக்குப் போனாள். பத்து மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு குறைந்தது. பதினொன்றரைக்கு வேதமூர்த்தி நாற்காலியிலிருந்து சரிந்தார் என்று செய்தி வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு யந்திரங்கள் ஓட வேண்டும். ஓடவில்லை.

அவள் கணக்கில் விட்ட இடம் அதுதான். யந்திரங்களைத் தள்ளிக் கிளப்பும் அழுத்தம் தொட்டியிலிருந்து வருகிறது. இதுவரை எது நின்றாலும் தொட்டியின் காற்று அதை எழுப்பிவிட்டது, அதனால் அதை யாரும் யோசிக்க நேர்ந்ததில்லை. காலித் தொட்டியால் எதையும் எழுப்ப முடியாது. ஊர் சுவாசிக்கத் தேவையான காற்றை அணு அணுவாகக் கணக்கிட்டவள், யந்திரத்துக்கும் மூச்சு வேண்டும் என்பதை மறந்துபோனாள்.

கைப்பம்பை எடுத்து அவளும் கதிரேசனும் இன்னும் இரண்டு பேரும் மாறி மாறி அடித்தார்கள். குளிர் இறங்கியது, விரல்கள் மரத்தன, ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். முதல் யந்திரம் இருமிக்கொண்டு கிளம்பியபோது மணி நாலேகால். சிலிண்டரின் எட்டு மணி நேரம் இரண்டோடு முடிந்திருந்தது. ஆலையின் கதவைத் திறந்துகொண்டு அவள் ஓடினாள். ஓடும்போதே அவளுக்குத் தெரியும்.

நல்லதம்பியின் கட்டிலருகே தரையில் பரஞ்சோதி மயங்கிக் கிடந்தார். பக்கத்தில் காலிச் சிலிண்டர்கள் இரண்டு. கிடங்கிலிருந்து தூக்கி வந்து, நிரம்பியவையா என்று பார்க்கத் தெரியாமல், ஒன்று மாற்றி ஒன்று பொருத்திப் பார்த்திருக்கிறார். அவர் பிழைத்துக்கொண்டார்.

அதற்கு ஆறாம் நாள் பேரவை மறுபடி கூடியது. தலைவருக்கு நெற்றியில் பிளாஸ்திரி. இரண்டு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். அங்கயற்கண்ணி புதிதாக எழுதிய அறிக்கையோடு வந்திருந்தாள். இந்த முறை இருபது பக்கம், தன்னுடைய தவறு உட்பட.

"அம்மாவோட இழப்பு பெரிய இழப்பு," என்றார் வேதமூர்த்தி. "ஆனா யோசிச்சுப் பாருங்க. நாலு யந்திரமும் ஒரே நேரத்துல ரிப்பேராகி, நானூத்திப் பன்னெண்டு பேர்ல போனது ஒரே ஒருத்தர். அவரும் முன்னாடியே நோயாளி. எண் நல்ல எண்ணா இருந்ததாலதான் இத்தோட போச்சு. அடுத்த சுற்றுக்கும் ஐந்நூத்தி அறுபத்தொண்ணையே வெச்சுக்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கு."

பதினைந்து தலைகள் ஆடின. அங்கயற்கண்ணி அறிக்கையைத் திறந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அதை மூடி நாற்காலியின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"பரஞ்சோதி சார்," என்றாள். அவரை அவள் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்த எண்ணுக்குள்ள குரு மட்டும் இல்ல. பதினேழும் இருக்கு. பதினேழு தடவை முப்பத்துமூணு, ஐந்நூத்தி அறுபத்தொண்ணு. பதினேழைக் கூட்டிப் பாருங்க."

பரஞ்சோதி விரலை மடக்கினார். ஒன்றும் ஏழும்.

"எட்டு," என்றார். "ஐயோ, உள்ள சனி ஒளிஞ்சிருக்கான்!"

கூடம் அதிர்ந்தது. தலைவர் நெற்றிப் பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டார். யாரோ ஓடிப்போய்ப் பலகையை அழித்தார்கள். வேறு எண், வேறு எண் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

"ஐந்நூத்தி அறுபத்துமூணு," என்றாள். "அதுக்குள்ள எதுவும் இல்ல. யாரும் ஒளிய முடியாது."

"அஞ்சும் ஆறும் பதினொண்ணு, மூணு பதினாலு. ஒண்ணும் நாலும் அஞ்சு. புதன்!" பரஞ்சோதி நிம்மதியாக மூச்சு விட்டார். "அருமையான எண்ணும்மா. ரெண்டே ரெண்டு எண் தள்ளி இருந்திருக்கு, நான் பார்க்காம விட்டுட்டேனே."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லாரும் எழுந்து கலைந்தபோது பரஞ்சோதி அவள் அருகில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"பதினேழு உள்ள இருக்கிறது உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாம்மா?"

"இல்ல. முதல் நாளே தெரியும்."

"அப்ப அன்னைக்கே ஒரு வார்த்தை..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். கூட்டக் குறிப்பேடு மேஜையில் திறந்து கிடந்தது. சுற்று எண் மாற்றம், முடிவெடுக்க ஆன நேரம் நான்கு நிமிடம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே தலைமைப் பொறியாளர் என்ற இடம் காலியாக இருந்தது. அங்கயற்கண்ணி உட்கார்ந்து அதில் கையெழுத்துப் போட்டாள்.